கடைமடை வரை ஆக்ஸிஜன் வந்துவிட்டது, ஈரம்தான் வரவில்லை

சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம். இது கும்பாபிஷேக வசூல் இல்லை, பள்ளிக்கூட ஆண்டு விழாவும் இல்லை. நம் பக்கத்து ஆஸ்பத்திரியில் மூச்சுக் கருவியில் இருக்கும் பச்சிளங்குழந்தைகளுக்குப் போகிற காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தும் பெட்டிகள் நாலு வாங்க வேண்டும். அவற்றை ஒரு வருஷம் ஓட்டத் தண்ணீர்ச் செலவும் குழாய்ச் செலவும் வேண்டும். தண்ணீருக்கெல்லாமா வசூல் என்று சிரிக்காதீர்கள், நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவன்தான், அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2021-இல் கொரோனா இரண்டாவது அலையின்போது பாமணியாற்றுக் கரை ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆக்ஸிஜன் செறிவூட்டி வாங்கிக் கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் மிஞ்சிய பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு மறு வருஷம் குழந்தைகள் பிரிவுக்கு, குறைமாதப் பிள்ளையின் மூச்சுக்குத் துணை நிற்கும் சிபாப் கருவி ஒன்று வாங்கினோம். கொட்டேஷனில் கடைசி வரியாக ‘ஹீட்டட் ஹியூமிடிஃபையர்’ என்று ஒன்று தனி விலையோடு இருந்தது. பட்ஜெட் இடித்தது. ஏதோ ஈரப்பதப் பெட்டி, அதுவா முக்கியம் என்று அந்த வரியை அடித்துவிட்டோம். அடித்த பேனா என்னுடையது, குழுவின் கணக்குப் பிள்ளை நான்தான். மாலை, சால்வை, ஃபோட்டோ எல்லாம் முடிந்து ஆறு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனால், எங்கள் கருவி மூலையில் பச்சைத் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஏன் என்று கேட்டதற்கு அங்கிருந்த சிஸ்டர் கோபப்படாமல்தான் சொன்னார்: “நல்ல மிஷின்தான் சார். ஆனா காஞ்ச காத்தை எப்படி சார் பிள்ளை மூக்குல விடுறது?”

ஆற்றில் தண்ணீர் வந்தால் மட்டும் பயிர் விளைந்துவிடாது என்பது நமக்குத் தெரியும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்த செய்தி பேப்பரில் வரும், நம் கடைமடைக்காரன் அதற்கப்புறமும் வரப்பில் நின்று வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருப்பான். இங்கேயும் அதே கதைதான். சிலிண்டர் வந்துவிட்டது, சுவரில் ஆக்ஸிஜன் குழாய் வந்துவிட்டது, கருவியும் வந்துவிட்டது. கருவியிலிருந்து பிள்ளையின் மூக்கு வரைக்கும் கடைசி ஒன்றரை மீட்டர் பாக்கி.

சிபாப் என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாதம் நிறைவதற்குள் பிறக்கும் குழந்தையின் நுரையீரலில் காற்றுப் பைகள் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும் வழவழப்புப் பொருள் போதுமான அளவு ஊறியிருக்காது. நனைந்த பாலிதீன் பை உள்ளுக்குள் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி ஒவ்வொரு மூச்சை விடும்போதும் அந்தப் பைகள் ஒட்டிக்கொள்ளும், அடுத்த மூச்சுக்கு மறுபடி பிரிக்கப் பிள்ளை மல்லுக்கட்டும். மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றை விட்டுக்கொண்டே இருந்தால் பைகள் முழுசாக மூடாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி என்ற மருத்துவர் 1971-இல் இதைச் செய்து காட்டி 50 வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்றைக்கும் இதுதான் குறைமாதக் குழந்தைக்கு முதல் கைத்தாங்கல்.

சிக்கல் அந்தக் காற்றில் இருக்கிறது. உள்ளே ஈரம் தங்கி உறைந்து எதையும் அடைத்துவிடக் கூடாது என்பதற்காக மருத்துவ ஆக்ஸிஜனை உலர்த்தித்தான் அடைப்பார்கள், அதில் ஈரம் இல்லையென்றே சொல்லலாம். நாம் சாதாரணமாக இழுக்கும் மூச்சை மூக்கும் தொண்டையும் வழியிலேயே சூடாக்கி நனைத்துவிடும். நுரையீரலின் அடியைத் தொடும்போது அது 37 டிகிரியில், ஒரு லிட்டர் காற்றுக்கு 44 மில்லிகிராம் தண்ணீரைச் சுமந்துகொண்டு, இதற்கு மேல் ஒரு பொட்டு ஈரம் ஏறாது என்ற நிலையில் இருக்கும். நிமிடத்துக்கு 6, 8 லிட்டர் என்று பாய்ந்து வரும் உலர்ந்த காற்றை ஒரு கிலோ பிள்ளையின் மூக்கு எங்கிருந்து நனைக்கும்? தொண்டையில் குழாய் போட்ட குழந்தைக்கு அந்த மூக்கும் கணக்கில் கிடையாது, காற்று நேராக உள்ளே போகிறது.

போன வாரம் டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார், “ஐப்பசி வந்தா அப்பளம் நமத்துப் போகுது, துவைச்ச வேட்டி மூணு நாளைக்குக் காயலை, இந்த ஊர்க் காத்துல ஈரம் பத்தலைன்னு எவன்டா சொன்னது?” நல்ல கேள்வி. நம் ஊர்க் காற்று அந்தப் பிள்ளைக்கு அந்த வடிவில் போவதே இல்லை மாமா, போவது சிலிண்டரிலும் கம்ப்ரஸரிலும் இருந்து வருகிற காற்று. அது மழைக்காலம் எது, கோடை எது என்று அறியாது.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. ஆக்ஸிஜன் மீட்டருக்குக் கீழே ஏற்கெனவே ஒரு தண்ணீர் பாட்டில் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறதே, அது போதாதா? போதாது. அந்தத் தண்ணீர் சூடாவதில்லை. 25 டிகிரியில் காற்று முழுக்க நனைந்தாலும் லிட்டருக்குச் சுமார் 23 மில்லிகிராம் ஈரம்தான் அதால் சுமக்க முடியும், பிள்ளைக்கு வேண்டியதில் பாதி. பெரியவர்களுக்குக் கொஞ்ச நேரம் லேசாக ஆக்ஸிஜன் வைக்க அது சரி. அப்புறம் சிபாப்பில் வெளிமூச்சுக் குழாயின் நுனியை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் தண்ணீரில் முக்கி வைக்கும் ஒரு பாட்டிலும் உண்டு, அது கொப்பளிக்கும். அது அழுத்தத்தை நிறுத்திவைக்கிற தண்ணீர், பிள்ளைக்குப் போகிற ஈரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இந்த இரண்டு பாட்டிலையும் மூன்றாவதையும் நானே ஒரு வருஷம் குழப்பிக்கொண்டிருந்தேன்.

என் தங்கை மகளுக்கு 30 வாரத்தில் பிரசவமாகிவிட்டது, பையன் ஒரு கிலோ இருநூறு. வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி, 11 நாள் சிபாப். அங்கே பார்த்ததுதான் அந்த மூன்றாவது பாட்டில், அதாவது நாம் வாங்கப்போகும் சாமான். ஒரு சின்ன இட்லிப் பானை அளவு பெட்டி, மேலே சுடுதட்டு, அதன் மேல் உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் குடுவை. உலர்ந்த காற்று ஒரு பக்கம் நுழைந்து, சுடுநீரின் மேல் தவழ்ந்து, நனைந்து மறுபக்கம் வெளியேறும். அங்கிருந்து பிள்ளை வரைக்கும் போகும் குழாய்க்குள் நூல் மாதிரி ஒரு கம்பி ஓடுகிறது, அதுவும் சூடு, இல்லையென்றால் ஏசி குளிரில் ஈரம் வழியிலேயே வியர்த்துத் தண்ணீராகச் சொட்டிவிடும். அப்படியும் கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். ராத்திரி டியூட்டி சிஸ்டர் ஒவ்வொரு தடவை வரும்போதும் குழாயைத் தூக்கி, பிள்ளையின் மூக்குப் பக்கம் போகாமல் அந்தத் துளிகளை எதிர்ப்பக்கம் உருட்டிவிடுவார். வயலில் மடை மாற்றுகிற கை அது. கண்ணாடிக்கு வெளியே என் தங்கை கொப்பளிக்கும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் நின்றால் எங்கேயோ காற்று கசிகிறது என்று அர்த்தம், அவளே ஓடிப் போய்ச் சொல்லிவிடுவாள்.

ஈரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சளி கெட்டியாகிப் பொருக்குத் தட்டும். சளியை மேலே தள்ளிக்கொண்டு வருகிற நுண்மயிர்கள் அசைவதை நிறுத்திவிடும். மூக்கில் புண்ணாகி ரத்தம் கசியும். பிறந்த குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், மூக்கு அடைத்தால் நம்மைப் போல வாயைத் திறந்து சமாளிக்கத் தெரியாது. தொண்டைக்குள் போடும் குழாய் ஒரு கிலோவுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு 2.5 மில்லிமீட்டர், பேனா ரீஃபிள் மாதிரி, அதை அடைக்க எவ்வளவு சளி வேண்டும் நீங்களே யோசியுங்கள். உடம்புச் சூடும் போய்விடும். மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காய்ந்த காற்று ஒவ்வொரு மூச்சிலும் பிள்ளையின் உடம்பிலிருந்து ஈரத்தையும் சூட்டையும் அப்படி எடுத்துக்கொண்டே இருக்கும், எடை கூட வேண்டிய பிள்ளை குளிர் தாங்குவதிலேயே தீர்ந்துபோகும்.

இப்போது தண்ணீர்ச் செலவுக்கு வருகிறேன். நிமிடத்துக்கு 8 லிட்டர் காற்று, லிட்டருக்கு 44 மில்லிகிராம் ஈரம், 24 மணி நேரம் என்று கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் வருகிறது. அது கேன் தண்ணீராக இருக்கக் கூடாது, கொதித்து ஆறிய தண்ணீராகவும் கூடாது, குளுக்கோஸ் பாட்டில் பக்கத்தில் தொங்கும் சலைன் சுத்தமாகக் கூடாது, அதில் இருப்பது உப்பு, சூடுபட்டால் குடுவையில் படிந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கிருமி எவ்வளவு சந்தோஷமாக வளரும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூடி முத்திரையிட்ட கிருமி நீக்கிய தண்ணீர்தான் வேண்டும். குழாயும் அப்படித்தான், ஒரு பிள்ளைக்குப் போட்டதை அப்படியே அடுத்த பிள்ளைக்குப் போட முடியாது. கருவி கொடுக்க ஆள் கிடைக்கிறார்கள், அதில் உபயம் என்று பேர் பொறிக்கலாம். தண்ணீர்ப் பையில் பேர் எழுதினால் மறுநாளே காலி, குப்பைக்குப் போய்விடும். அதனால்தானோ என்னவோ இதற்கு யாரும் முன்வருவதில்லை, எங்கள் குழு உட்பட. தஞ்சாவூரில் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி என்று பேரிலேயே மிராசுதார் உட்கார்ந்திருக்கிற மண் இது, கொடுக்கிற பழக்கம் நமக்குப் புதுசா? இந்தத் தடவை பேர் தெரியாத செலவுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறோம், அவ்வளவுதான்.

கரண்ட் விஷயம். மூச்சுக் கருவிகள் பலவற்றில் உள்ளேயே பேட்டரி இருக்கும், இந்தச் சூட்டுப் பெட்டி பெரும்பாலும் அதில் ஓடாது. கரண்ட் போனால் காற்று போய்க்கொண்டே இருக்கும், ஈரம் நின்றுவிடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறிப் போன பிறகு எத்தனை வாரம் இருட்டில் கிடந்தோம் என்று நம் ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜெனரேட்டர் இருக்கிறது, அது எழுந்து ஓடுவதற்குள் இருக்கும் இடைவெளிக்கும் சின்னச் சின்ன வெட்டுகளுக்கும் ஒரு யுபிஎஸ் சேர்த்திருக்கிறோம்.

கணக்கு இது. பெட்டி ஒன்று வரியோடு 85,000 ரூபாய், நாலுக்கு 3,40,000. யுபிஎஸ் 60,000. ஒரு வருஷத்துக்கு 60 செட் குழாய் என்று உத்தேசமாக வைத்து 1,20,000, தண்ணீருக்கு 40,000. ஆக மொத்தம் 5,60,000. குழு உறுப்பினர்கள் கையிலிருந்து போட்டது 1,35,000. மீதி 4,25,000 உங்களிடம் கேட்கிறோம். விலை குறைத்துத் தருகிறேன் என்று கம்பிச் சூடு இல்லாத மாடல் ஒன்றை ஒருவர் காட்டினார், பழைய புத்தி எனக்கு ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தது, வேண்டாம் என்றுவிட்டோம். பெட்டி வரும் அன்றைக்குச் சிஸ்டர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதச் சொல்லியிருக்கிறோம். காரணம் இருக்கிறது. பிள்ளை வார்மருக்கு, அதாவது மேலிருந்து சூடு தரும் கருவிக்குக் கீழே படுத்திருந்தால் அந்த மேல்சூடு குழாயில் செருகியிருக்கும் வெப்ப உணரியிலும் விழும், காற்று சூடாகத்தான் இருக்கிறது என்று பெட்டி ஏமாந்து சூட்டைக் குறைத்துவிடும். ஒரு துண்டு வெள்ளிநிற ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தால் தீர்ந்தது, ஆனால் ஒட்ட வேண்டும் என்று ஒருவர் சொல்லித் தர வேண்டுமே.

பொருள் எல்லாம் ஆஸ்பத்திரி ஸ்டாக் ரிஜிஸ்தரில் ஏறும், அந்தப் பக்கத்தின் நகலை ஊர்ப் பலகையில் ஒட்டுவோம். வங்கிக் கணக்கில் மூன்று பேர் கையெழுத்து, இரண்டு பேர் போட்டால்தான் பணம் வெளியே வரும். நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை வாங்கித் தரும் பதிவு நம் குழுவுக்குக் கிடையாது, பிறகு கேட்டு வருத்தப்பட வேண்டாம். சிங்கப்பூர், துபாய், மலேசியாவில் இருக்கிற நம் பிள்ளைகள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் தயவு செய்து அனுப்ப வேண்டாம், வெளிநாட்டு நன்கொடை வாங்கும் பதிவு நம்மிடம் இல்லை, கோவித்துக்கொள்ளாதீர்கள்.

பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. சம்பா அறுப்பு நடக்கிறது, கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகும் நெல்லில் ஒரு மூட்டை நம் கணக்கில் விட்டால் போதும், 40 கிலோவுக்கு வருகிற காசு சில பிள்ளைகளுக்குச் சில நாள் தண்ணீர். ஒரு மரக்கால் கொடுத்தாலும் ரசீது உண்டு. வண்டி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஒவ்வொரு ஊர்க் களமாக வரும், மாசி மகம் வரைக்கும் வாராவாரம் வரும். ரசீதுப் புத்தகம் என் உரக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, நான் இல்லாவிட்டால் கடைப் பையனிடம் கேளுங்கள், எழுதிக் கொடுப்பான். கொட்டேஷன் நகலும் அங்கேயே ஆணியில் தொங்குகிறது, பழையதும் புதியதும். பழையதில் கடைசி வரி அடித்திருக்கும்.