ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியையும் நினையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 6 வந்தால் பத்திரிகைகள் ஹிரோஷிமாவைப் பற்றி எழுதுகின்றன. எழுத வேண்டியதுதான். அதே தேதியில், 2001-ல், எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் நடந்ததைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தியாவது இருக்குமா என்று நான் ஒவ்வொரு வருடமும் தேடுகிறேன்.

அன்று விடியற்காலை மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். தர்காவில் தங்கினால் குணமாகும் என்று நம்பி, குடும்பங்களே கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். தர்காவைச் சுற்றிக் காசு வாங்கிக்கொண்டு நடந்த காப்பகங்களை அரசு சில நாட்களில் மூடியது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. சரி, அந்தக் காப்பகங்களில் இருந்து உயிரோடு வெளியே வந்த நூற்றுக்கணக்கானவர்கள்? அவர்களை அப்புறம் யார் விசாரித்தார்கள்?

என் சித்தப்பா ஏர்வாடியில் இருந்தவர் இல்லை. வேறொரு ஊரில், அது போன்ற ஓர் இடத்தில் பதினான்கு மாதம் இருந்தார். நாங்கள்தான் கொண்டுபோய் விட்டோம். திரும்பி வந்தபோது இடது கணுக்காலைச் சுற்றிக் கறுத்த தழும்பு. இன்றைக்கும் தொழுவத்தில் மாடு தலையை ஆட்டிச் சங்கிலிச் சத்தம் கேட்டால், சாப்பாட்டில் இருந்து எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அங்கே என்ன செய்தார்கள் என்று வீட்டில் ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் நாங்கள் செய்ததையும் சேர்த்துப் பேச வேண்டிவரும்.

அதனால்தான் சொல்கிறேன்: காப்பகங்களிலும் விடுதிகளிலும் இல்லங்களிலும் கொடுமைப்பட்டு மீண்டவர்களுக்காக ஆகஸ்ட் 6-ஐ ஒன்றிய அரசு தேசிய விழிப்புணர்வு நாளாக அறிவிக்க வேண்டும். அக்டோபர் 10-ல் உலக மனநல நாள் இருக்கிறதே என்பார்கள். அது நோயைப் பற்றிப் பேசும் நாள். நான் கேட்பது, பார்த்துக்கொள்கிறோம் என்று பொறுப்பேற்றவர்கள் செய்ததைப் பற்றிப் பேச ஒரு நாள்.

மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் 2023-ல் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமத்தின் மீது கொடுமைப் புகார்கள் எழுந்து, நூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்க வேண்டியிருந்தது. பீகாரின் முசாபர்பூரில் சிறுமிகள் இல்லத்தில் நடந்த பாலியல் கொடுமை 2018-ல் வெளியே வந்ததே, வெளியாட்கள் நேரில் போய் நடத்திய ஒரு சமூகத் தணிக்கையால்தான். யாராவது உள்ளே போய் உட்கார்ந்து கேட்டால்தான் உண்மை வருகிறது.

நியூசிலாந்தில் அப்படிக் கேட்டார்கள். 1950-ல் இருந்து 2019 வரை பராமரிப்பில் இருந்தவர்களில் சுமார் 2 லட்சம் பேர் கொடுமைக்கு ஆளானார்கள் என்று விசாரணை ஆணையம் மதிப்பிட்டது. லேக் ஆலிஸ் மனநல மருத்துவமனையில் சிறுவர்களுக்குத் தண்டனையாக மின் அதிர்ச்சி கொடுத்தது சித்திரவதைதான் என்று அரசே ஒப்புக்கொண்டது. 2024 நவம்பர் 12 அன்று பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நம் நாட்டில் மீண்டவர்களிடம் அப்படி யாரும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பேரணியும் உறுதிமொழியும் எனக்கு வேண்டாம். அன்று ஒவ்வொரு கலெக்டர் அலுவலகத்திலும் மீண்டவர்கள் உட்கார்ந்து பேசட்டும். கலெக்டரும் மாவட்ட நீதிபதியும் எதிரே உட்கார்ந்து கேட்கட்டும். பேச விரும்பாதவர் எழுதிக் கொடுக்கட்டும். மாவட்டத்தில் அனுமதி பெற்ற இல்லங்களின் பட்டியலும், கடைசியாக அங்கே ஆய்வு நடந்த தேதியும் வாசலில் ஒட்டப்படட்டும். பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய் விடும் முன் ஒரு தாய் அதைப் படிக்க முடிய வேண்டும்.

அரசு அறிவிக்கும் வரை காத்திருக்காமல் உங்கள் பத்திரிகை ஒன்று செய்யலாம். அன்று ஏர்வாடிக் காப்பகங்களில் இருபத்தைந்து வயதில் இருந்தவர்கள் இப்போது ஐம்பதைத் தொட்டிருப்பார்கள். அவர்களைத் தேடிப் போய், சம்மதிப்பவர்களின் வார்த்தைகளை வரும் ஆகஸ்ட் 6 இதழில் போடுங்கள். அந்தப் பக்கத்தை நான் சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பரமக்குடி