மலையை மொட்டையடிக்காமலும் மரம் விற்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நீலகிரியில் மரம் வெட்டுவது பற்றி உங்கள் பக்கத்தில் வரும் கடிதங்களை விடாமல் படித்து வருகிறேன். ஒருவர் ஒரு கிளையைக்கூடத் தொடாதே என்கிறார், இன்னொருவர் வெளிநாட்டு மரம் அத்தனையையும் வேரோடு பிடுங்கு என்கிறார். இரண்டு பேருமே மரம் விற்றுச் சாப்பிடுகிறவர்களாகத் தெரியவில்லை. நான் விற்கிறவன். கோத்தகிரி பக்கம் கொஞ்சம் தேயிலை, அதற்கு மேலே சரிவில் ஏறக்குறைய நாலு ஏக்கர் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். பச்சைத் தேயிலை விலை விழுகிற வருஷத்தில் எங்களுக்கு பேங்க் அந்தக் காடுதான். தேயிலை ஃபேக்டரிக்கு விறகு எப்போதும் வேண்டும், இலையைத் தைலம் காய்ச்சுகிறவர் எடுத்துக்கொள்வார், வெட்டிய கட்டை தானே துளிர்க்கும்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2014-இல் மகள் கல்யாணத்துக்காக நாலு ஏக்கரையும் ஒரே மூச்சில் வெட்டக் கொடுத்தேன். வெட்டி முடித்து எதிர்மலை ரோட்டில் நின்று பார்த்தால், பச்சை மலையில் ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி ஒரு சிவப்புக் கட்டம், அதன் உச்சியில் பக்கத்துக்காரரின் ஏழெட்டு மரம் மட்டும் பல் போன சீப்பாட்டம். ஐப்பசி மழையில் மேல்மண் பாதி தார் ரோட்டுக்கு வந்துவிட்டது. ஓடைக்குழியில் நின்ற மரங்களையும் விடவில்லை. அதைத் துண்டு போட்டு, ஆள் தலையில் ஏற்றி மேலே கொண்டுவந்த கூலி அந்த மரத்தின் விலையைத் தாண்டிவிட்டது என்று வியாபாரியே பிறகு புலம்பினார்.

அந்தப் புலம்பலைத்தான் பத்து வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கே வெட்டினால் கண்ணை உறுத்துமோ, ஓடைக்குழி, செங்குத்துச் சரிவு, மலை முகடு, அங்கே மரம் எடுப்பதற்குத்தான் செலவும் அதிகம். முகட்டில் காற்றடித்து மரம் குட்டையாகக் கோணலாக வளரும், குழியிலிருந்து தூக்கி மாளாது. இலாபம் தருவது நடுச்சரிவும் பாதையோரமும்தான். அப்படியென்றால் அழகுக்காக விடும் இடத்துக்கும் வருமானத்துக்கும் சண்டை நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. என் நிலத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், நாலு ஏக்கரில் 40 சென்ட் விட்டால் போதும்.

மலையின் பழைய அமைப்பையே பாருங்கள். மடிப்பில், தண்ணீர் ஓடும் இடத்தில் சோலை என்கிற இந்த மலையின் சொந்தக் காடு, அதற்கு மேலே முதுகெல்லாம் புல். 1843-இல் கற்பூர மரம் இங்கே வந்தது, சோலையை வெட்டி விறகாக்கிக்கொண்டிருந்த ஊட்டிக்கு அடுப்பெரிக்க அது தேவையாகவும் இருந்தது. அப்புறம் தோல் பதனிடப் பட்டைக்காக சீகை (வாட்டில் என்கிற வெளிநாட்டு மரம்), மரக்கூழுக்கு மேலும் மரம் என்று, வெறும் புல்தானே என்று நினைத்துப் புல்வெளியில் எல்லாம் கட்டம் கட்டமாக நட்டுத் தள்ளினார்கள். பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் நடுவில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. இதில் வேடிக்கை, கூடலூர் ரோட்டில் வருகிற சுற்றுலாக்காரர்கள் வரிசையாக நட்ட பைன் காட்டிலும் இறங்குகிறார்கள், கொஞ்ச தூரம் தள்ளி ஒன்பதாவது மைல் புல்மேட்டிலும் இறங்குகிறார்கள், இரண்டிலும் ஒரே மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு இரண்டையும் இயற்கை என்றே சொல்லிக்கொண்டு போகிறார்கள்.

நமக்கு இதைப் பழக்கிவிட்டுப் போன ஆங்கிலேயர்கள் தங்கள் ஊரில் என்ன செய்தார்கள் தெரியுமா? 1919-இல் மரத்துக்காகவே அங்கே வனத்துறை ஆணையம் ஒன்றை ஆரம்பித்து, மலையெல்லாம் ஊசியிலை மரத்தை நேர்கோட்டில் நட்டார்கள். அழகுக்குப் பேர்போன ஏரி மாவட்டம் (லேக் டிஸ்ட்ரிக்ட்) என்ற மலைப்பகுதியில் பெரிய எதிர்ப்பு கிளம்பி, 1936-இல் அதன் நடுப்பகுதியில் நடுவதில்லை என்று ஒப்பந்தம் போட்டார்கள். 1960-களில் சில்வியா குரோ என்ற நிலவடிவமைப்பாளரை ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள். நிலத்தின் வளைவோடு காட்டின் எல்லை போக வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு அங்கே நடைமுறைக்கு வந்ததுதான். இப்போதைய விதிப்படி ஒரு காட்டில் ஒரே இனம் 65 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, 10 விழுக்காடாவது திறந்த வெளி வேண்டும். அதற்காக அவர்கள் மரம் விற்பதை நிறுத்திவிடவில்லை.

'எல்லாவற்றையும் பிடுங்கு' என்ற கட்சிக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு அரசு 2022-இல் கொண்டுவந்த அந்நியத் தாவரங்களை அகற்றும் கொள்கையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் சீகையை ஒரே நாளில் மொட்டையடித்துப் பாருங்கள், மண்ணுக்குள் வருஷக்கணக்காகக் கிடக்கும் விதை வெயில் பட்டதும் நாற்றங்கால் மாதிரி முளைத்துக்கொண்டு நிற்கும். சோலைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய சீகைக் காட்டுக்குள் குனிந்து பார்த்தால், அந்த நிழலில் சோலைக் கன்றுகள் வந்திருப்பதையும் பார்க்கலாம். அங்கே சீகையை இடையிடையே வெட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்துவிடுவதுதான் புத்தி.

சரி, கஷ்டத்தையும் சொல்லத்தான் வேண்டும். நாலு ஏக்கரை மூன்று பட்டையாகப் பிரித்து, நாலு வருஷ இடைவெளியில் வெட்டலாம் என்று போன வருஷம் கேட்டபோது, லாரி நிறையாது என்று வியாபாரி டன்னுக்கு 200 ரூபாய் குறைத்தார். தனி ஆளுக்கு இது கட்டுப்படியாகாது. பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேரிடம் பேசி, மூவரும் ஆளுக்கொரு பட்டை என்று சேர்த்துக் கொடுத்ததும் பழைய விலைக்கே வந்துவிட்டார். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-இலிருந்தே இருக்கிறது, வெட்ட அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும். அந்த மனுவோடு, எந்தப் பட்டையை எந்த வருஷம், எதை விடப்போகிறோம் என்று கையால் வரைந்த ஒரு படமும் கேட்டால் என்ன? கூட்டாக வருகிறவர்களுக்கு அனுமதியை முதலில் கொடுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் சரிவு முழுவதற்கும் ஒரே படம் போதும். அரசின் சொந்தக் காடுகளுக்கும் அதே படத்தைப் போட்டு ஊர் பார்க்க ஒட்டினால் இன்னும் நல்லது.

ஓடைக்குழியில் நான் விட்ட 40 சென்ட்டில் இப்போது நாவலும் விக்கியும் என்று சோலை மரங்களை நட்டிருக்கிறேன். அடுத்த பட்டை வெட்ட இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. வியாபாரி மாதம் ஒரு தடவை போன் போட்டு, மனசு மாறினீர்களா என்று கேட்கிறார்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி.