சமூகப் பணிக்கு வருகிறோம், வார விடுமுறையை எங்களிடமே விட்டுவிடுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கும் சி.எஸ்.ஆர். (நிறுவன சமூகப் பொறுப்பு) பிரிவினருக்கும்,

வணக்கம். போன ஞாயிறு நடந்த மரம் நடு விழாவைப் பற்றி உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. படங்கள் எல்லாம் உங்களிடம்தான் இருக்கின்றன. படத்தில் விழாத ஒன்றைச் சொல்லவே இந்த மடல்.

காலை ஆறு மணிக்கு இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி பஸ்ஸில் ஏற்றினார்கள். பேக்கிங் பிரிவில் இருக்கும் ஓர் அக்கா, கைக்குழந்தைக்காரர், "ஒன்பது மணிக்குள் விட்டுவிடுவீர்களா சார்?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டார். சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்ததே பதினொன்றரைக்கு. அதுவரை யூனிபார்முக்கு மேல் தொளதொள டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கன்றோடு வெயிலில் நின்றார். பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னதற்குக் கிடைத்த பதில்: "குரூப் போட்டோ மட்டும் முடியட்டும்மா." இந்த வருட அறிக்கையில் அவரும் தன்னார்வலர் கணக்கில் வருவார்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். சமூகப் பணியை வேலை நேரத்தில் வையுங்கள், விருப்பமுள்ளவர்களை மட்டும் அழையுங்கள். வார விடுமுறையை எங்களிடமே விட்டுவிடுங்கள்.

சமூகப் பணியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கணக்குப் பிரிவில் சிலர் தாங்களாகவே மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார்கள். நிறுவனம் புத்தகம் மட்டும் வாங்கித் தந்தது. அவர்கள் நிறுவனத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுவதை நாங்களே கேட்டிருக்கிறோம். கட்டாயப்படுத்தி பஸ்ஸில் ஏற்றினால் அந்தப் பேச்சு வருமா?

மேயர், ஆலன் என்ற இரு ஆய்வாளர்கள் 1991இலேயே ஊழியருக்கு நிறுவனத்தோடு உள்ள பிணைப்பை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள்: மனம் ஒட்டி இருப்பது, கடமை என்று இருப்பது, விட்டுப் போனால் நட்டம் என்று இருப்பது. எங்களில் பலர் மூன்றாவது வகை. வீட்டுக்கடன் தவணை முடியும்வரை எங்கள் 'அர்ப்பணிப்பு' உறுதி, கவலை வேண்டாம்.

உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் ஐ.எஸ்.ஓ. 26000 என்று அச்சிட்டிருக்கிறீர்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு பற்றி 2010இல் வந்த அந்தச் சர்வதேச வழிகாட்டி சொல்லும் ஏழு முக்கிய விஷயங்களில் சமூக மேம்பாடு ஒன்று. தொழிலாளர் நடைமுறைகளும் அதில் ஒன்று. ஓய்வு நேரம் அதற்குள்தான் வருகிறது. அந்தப் பக்கத்தை யாராவது புரட்டினீர்களா?

அப்புறம் அந்தத் திருப்திக் கருத்துக்கணிப்பு. "நம் சமூகப் பணி குறித்துப் பெருமைப்படுகிறீர்களா?" என்று ஒரு கேள்வி. பெயர் எழுத வேண்டாமாம், ஊழியர் எண் மட்டும் போதுமாம். எல்லாரும் 'மிகவும்' என்று டிக் அடித்தோம். ட்ரோன் கேமராவுக்குப் பணம் இருக்கிறது, இரவு ஷிப்டின் ஓய்வறைக்கு ஒரு மின்விசிறி வாங்க மட்டும் ஒப்புதல் வந்தபாடில்லை. சரி, அதை இன்னொரு மடலில் வைத்துக்கொள்ளலாம்.

தயவுசெய்து, அடுத்த நிகழ்ச்சிக்கான சுற்றறிக்கையில் இரண்டு வரி சேருங்கள்: இது வேலை நேரத்தில் நடக்கும், வராதவர்களின் வருடாந்திர மதிப்பீட்டில் இது கணக்கில் வராது. கீழே நிர்வாகத்தின் கையெழுத்து இருக்கட்டும். வாய்மொழியாகச் சொன்னால் சூப்பர்வைசர் மாறியதும் மறந்துபோகும்.

பதிலை எதிர்பார்க்கும்,
உற்பத்தி, பேக்கிங் பிரிவு ஊழியர்கள்