கைப்பிடியைக் கழற்றிவிட்டு வண்டியை யார் ஓட்டுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளுக்குப் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் கொடுக்கும் படம் உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. நல்ல காரியம்தான். ஆனால் ஆடி மாதம் கச்சான் காற்று வீசும்போது அந்த ஸ்கூட்டரில் பாம்பன் சாலைப் பாலம் ஏறியவன் நான். பாதிப் பாலத்தில் காற்று வண்டியோடு சேர்த்து ஆளையும் ஓரச் சுவருக்குத் தள்ளும். போதுமடா சாமி என்று கடன் வாங்கி ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் எடுத்தேன்.

இப்போது மண்டபத்தில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். முன்பு விசைப்படகில் போனவன். மடி வலையை இழுக்கும் வின்ச் உருளையில் கயிறு சுற்றி, வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. "இடது கால் இருக்கிறதே, ஆக்சிலரேட்டரை இடப்பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார்கள். அதே காரை என் மகளும் ஓட்டுவாள். சும்மா ஊன்றிய அவளது இடது கால் தெரியாமல் அதை மிதித்துவிட்டால்? அதனால் ஸ்டியரிங்குக்குக் கீழே கைப்பிடி வைத்தேன். முன்னால் தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலரேட்டர். பெடல்கள் அவளுக்காக அப்படியே இருக்கின்றன. ஒரே கையால் திருப்ப ஸ்டியரிங்கில் வைத்த குமிழை வலது கை விட முடியாது என்பதால் ஹாரன் பொத்தானைக் கைப்பிடி நுனியிலேயே வைத்துக் கொடுத்தார்கள். நம் ஊர்ச் சாலையில் பிரேக்கைவிட அதற்குத்தான் வேலை அதிகம்.

இதைப் பூட்ட வெளியூர்ப் பட்டறைக்கு மூன்று நாள் அலைந்தேன். அதாவது பரவாயில்லை. மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றப் போன அலுவலகத்தில், "கைப்பிடியைக் கழற்றிவிட்டு வண்டியைக் கொண்டு வாருங்கள்" என்றார்கள். கழற்றிவிட்டால் யார் ஓட்டி வருவது? மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இந்த மாற்றத்துக்கு இடம் கொடுக்கிறது. 2019 திருத்தத்தில் 'தகவமைத்த வாகனம்' என்ற வகையே வந்துவிட்டது. அதைச் சொல்லிப் புரியவைக்க நான்கு தடவை போனேன். நான்கு நாள் சம்பளம் பிடித்தம்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். போன ஐப்பசியில் உச்சிப்புளி தாண்டி வரும்போது கைப்பிடியை விட்டேன், வண்டி வேகம் குறையவில்லை. நல்லவேளை, எதிரே வண்டி இல்லை. தள்ளி பிரேக் பிடித்து ஓரம் கட்டிக் குனிந்து பார்த்தால், கைப்பிடி மூட்டில் இருக்கும் விரல் தடிமன் ஆணி ('பின்' என்பார்கள்) துருப்பிடித்து இறுகியிருந்தது; தொட்டால் துரு செதில் செதிலாக உரிந்து கையோடு வந்தது. எட்டு மாதம்கூட ஆகவில்லை. உப்புக்காற்று ஆணியைத் தின்னும் ஊர் இது. வெளியூர்ப் பட்டறைக்காரருக்கு அது எப்படித் தெரியும்? கடைசியில் படகு வேலை பார்க்கும் லேத் பட்டறையில்தான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதுப் பின் கடைந்து கொடுத்தார்கள். கூலி முந்நூறு ரூபாய்.

பூட்டிய பிறகு இதைச் சோதித்துப் பார்க்க இந்தப் பக்கம் ஆளே இல்லை. என்ஜின் நின்றால் ஒன்றிரண்டு தடவைக்குள் பிரேக் கல்லாகிவிடும். காலால் ஏறி மிதிக்கலாம், கையால் அந்த அளவுக்கு அழுத்த முடியுமா? அதைக்கூட யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மாதம் ஒரு நாள் ராமநாதபுரத்தில், கைப்பிடி பூட்டத் தெரிந்த மெக்கானிக்கையும் வாகன ஆய்வாளரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தால் போதும். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரைக்காரர்கள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பலாம். பூட்டுவது, பார்ப்பது, ஆர்.சி.யில் ஏற்றுவது எல்லாம் அன்றைக்கே முடியட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை துரு பார்ப்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் வண்டியாக என்னுடையதையே கொண்டுவருகிறேன். பழைய பின்னை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், அதையும் காட்டுகிறேன்.

தங்கள் வாசகன்,
மண்டபம்