மூன்றாண்டுகூட நிறையாத மேக்

ஆசிரியர் அவர்களுக்கு,

இன்டெல் பிராசஸரை விட்டுச் சொந்தச் சிப்புக்கு மாறுவதாக ஆப்பிள் அறிவித்தது 2020 ஜூனில். அதன் பிறகும் 2018 மாடல் இன்டெல் மேக் மினியை 2023 ஜனவரி வரை விற்றது. 2025 செப்டம்பரில் வந்த மேக்ஓஎஸ் டஹோ (மேக்கின் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பதிப்பு) அதில் ஏறாது. கடைசி நேரத்தில் வாங்கியவருக்கு மூன்றாண்டுகூட நிறையவில்லை. இன்டெலுக்கு முந்தைய பவர்பிசி ஜி5 சிப் உள்ள மேக்கை 2006-ல் வாங்கியவர்களையும் 2009-ல் வந்த ஸ்னோ லெப்பர்ட் பதிப்பு இப்படித்தான் கைவிட்டது. எந்த ஆண்டு வரை அப்டேட் உண்டு என்பதைப் பெட்டியிலேயே அச்சிடச் சட்டம் வேண்டும்.

ஆப்பிள் சிப் உள்ள புது மெஷினுக்கு மாறுவோர் முதலில் பழையதில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி ஆப்பிள் மெனுவைத் திறந்து, ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ போய் அப்ளிகேஷன்ஸ் பட்டியலைப் பாருங்கள். ‘கைண்ட்’ என்ற இடத்தில் ‘யுனிவர்சல்’ (இரு வகைச் சிப்பிலும் ஓடுவது) என்றிருந்தால் கவலையில்லை. ‘இன்டெல்’ என்றிருப்பவை, இன்டெல் மென்பொருளை ஆப்பிள் சிப்புக்கு மாற்றித் தரும் ரொசெட்டாவின் துணையோடுதான் ஓடும். அது முழுமையாகக் கிடைப்பது மேக்ஓஎஸ் 27 வரைதான். மென்பொருள் திறந்தும் அதோடு சேர்த்துப் போட்ட பிளக்-இன்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) காணாமல் போனால், அவை இன்டெலுக்கு எழுதப்பட்டவையாக இருக்கலாம். அந்த மென்பொருளின் ‘கெட் இன்ஃபோ’வில் ‘ஓபன் யூசிங் ரொசெட்டா’வை டிக் செய்தால் பெரும்பாலும் திரும்பி வரும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலோடு ஒட்டி ஓடும் பழைய ஆடியோ கார்டு டிரைவர்களுக்கு இந்த வழி உதவாது. ரொசெட்டா அவற்றைத் தொடுவதே இல்லை. எல்லாம் ஓடுகிறதா என்று பார்க்கும் வரை பழைய மெஷினை விற்காதீர்கள்.

பழைய இன்டெல் மேக்கில் லினக்ஸ் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடுவோர் அவசரப்பட்டு டிஸ்க்கை அழித்துவிடுகிறார்கள். டி2 என்ற ஆப்பிளின் பாதுகாப்புச் சிப் உள்ள மெஷின்களில், வைஃபையை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் மேக்ஓஎஸ்ஸுக்குள்தான் இருக்கிறது. அதை முதலிலேயே பென்டிரைவில் எடுத்து வையுங்கள். பிறகு கமாண்ட்-ஆர் அழுத்தி ரிக்கவரிக்குள் போய், ‘ஸ்டார்ட்அப் செக்யூரிட்டி யுட்டிலிட்டி’யில் ‘செக்யூர் பூட்’ வசதியை நிறுத்தி, வெளி டிரைவிலிருந்து பூட் ஆக அனுமதி கொடுங்கள். லேப்டாப் என்றால் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் கையில் இருக்கட்டும். டி2-வுக்கான கெர்னல் போடும் வரை உள்ளேயிருக்கும் கீபோர்டு வேலை செய்யாமல் போகலாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவோருக்கு: டஹோ ஏறும் இன்டெல் மேக்குகள் நான்கே. 2019 மேக் ப்ரோ, 2019 மாடல் 16 அங்குல மேக்புக் ப்ரோ, 2020 மாடல் 27 அங்குல ஐமேக், நான்கு தண்டர்போல்ட் போர்ட் உள்ள 2020 மாடல் 13 அங்குல மேக்புக் ப்ரோ. இரண்டு போர்ட் உள்ளதும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். பக்கவாட்டில் எண்ணிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்குநர் ஒருவர்,
கோவை