பூம்பாறைப் பூண்டுடன் ஒரு கடிதம்

கொடைக்கானல்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மகளுக்கு,

இந்தப் பொட்டலத்தில் இருக்கும் இரண்டு கொத்துப் பூண்டும் கடையில் வாங்கியவை அல்ல. அவை வந்த கதையை உனக்குச் சொல்ல வேண்டும்.

நீ விட்டுச்சென்ற கேமராவை எடுத்துக்கொண்டு போன மாதம் ஒருநாள், காலையின் முதல் பேருந்தில் பூம்பாறைக்குப் புறப்பட்டேன். 2018-இல் குறிஞ்சி பூத்தபோது நாம் இருவரும் நின்ற அதே வளைவில் இறங்கி, சாய்ந்த காலை வெயிலில் படிவயல்களையும் நடுவே நெருங்கி நிற்கும் வீடுகளையும் ஒரே படத்தில் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். இறங்கிய கால்மணி நேரத்தில் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்து ஊரையே மறைத்துவிட்டது. நம் ஊர் வானாய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருபவர்களுக்கு மேகம் விலகக் காத்திருப்பதும் வேலையில் அடக்கம்தானே என்று எண்ணி நானும் காத்திருந்தேன்.

அப்போது பின்னால் கனத்த மூச்சுச் சத்தம் கேட்டது. திரும்பினால், வெள்ளைக் காலுறை அணிந்ததுபோல் முழங்காலுக்குக் கீழே வெளுத்த கால்களோடு ஒரு காட்டுமாடு, சாலையின் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. கேமராவைத் தூக்கும் எண்ணமே எனக்கு வரவில்லை, வராததே நல்லது. "அங்க நிக்காதீங்க, மெல்ல இங்கிட்டு வாங்க" என்று கீழே வயலிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே பின்வாங்கி ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன்.

அழைத்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா. வீட்டுக்குள் உட்காரவைத்துக் கடுங்காப்பி கொடுத்தார். அடுப்புக்கு மேலே, புகையேறிக் கறுத்த மூங்கில்களில் கொத்துக் கொத்தாக மலைப்பூண்டு தொங்கியது. புகை பட்டால்தான் நெடுநாள் கெடாது என்றார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னேன். "பேரு வந்தது சந்தோஷம்ங்க, விலையும் வரணும்" என்றார். அது நியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது. அந்தச் சரிவில் பூண்டை முதுகில் சுமந்து ஏறுபவர்களை நீயும் பார்த்திருக்கிறாய்.

படம் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, "என்னைய வேண்டாம், பூண்டை எடுங்க" என்றார். கூரையிலிருந்த ஒற்றைக் கண்ணாடி ஓட்டின் வழியே விழுந்த வெளிச்சம் மட்டுமே இருந்தது. ஃபிளாஷ் போட்டால் அந்தப் புகையின் அழகு போய்விடும் என்பதால், கேமராவை ஒரு மரப்பெட்டியின் மேல் அசையாமல் வைத்து எட்டுப் படங்கள் எடுத்தேன். ஏழாவது படத்தில், கொத்து ஒன்றைத் திருப்பிவிட வந்த அவருடைய கை விழுந்திருந்தது. நான் இதுவரை எடுத்தவற்றில் சிறந்த படம் அதுதான். திரையில் காட்டி, அழித்துவிடட்டுமா என்று கேட்டேன், "இருக்கட்டும்" என்றார்.

அதை அச்சிட்டுக் கடந்த வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்த விரலு எங்க ஆத்தா விரலு மாதிரியே இருக்கு" என்றார். பிறகு உள்ளே போய்ப் பூண்டைக் கழற்றி வந்து, தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு அனுப்பும்படி சொன்னார்.

குளிர்பெட்டியில் வைக்காதே, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடு. படிவயல்களின் படம் இன்னும் எடுபடவில்லை. டிசம்பரில் நீ வரும்போது முதல் பேருந்துக்கே போகலாம்; அந்த அம்மாவும் உன்னைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அப்பா