தகட்டின் மேல் இராவணன் மீசை

திருவான்மியூர்,
தை மாதம்.

அன்பு நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. இடது கண்ணிலும் புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. கட்டு அவிழ்த்த மறுநாள் காலையில், கொடியில் காய்ந்துகொண்டிருந்த நீலப் புடவையைப் பார்த்துவிட்டு, இத்தனை ஆண்டுகளாக இந்த நீலம் எங்கே போயிருந்தது என்று திகைத்து நின்றதாக எழுதியிருந்தாய். அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன். புரை விழுந்த கண் மஞ்சளித்துப்போய் நீலத்தை வடிகட்டிவிடும் என்பார்கள். பிரெஞ்சு ஓவியர் மோனேயும் 1923-இல் அறுவை செய்துகொண்ட பிறகு நிறங்களோடு புதிதாகப் போராட வேண்டியிருந்தது. உனக்கு அது போராட்டமாக இல்லாமல் மகிழ்ச்சியாக அமைந்ததே, அது போதும்.

நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு நீ இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறாய். கடற்கரையில் பொறுக்கிய காய்ந்த நெற்றுகளையும் ஓடுகளையும் வரைகிறவன், அவற்றுக்கு இணக்கமான துணியும் காகிதமும் மரப்பலகையும் இருக்கும்போது, அலுமினியத் தகட்டையும் துருப்பிடித்த தகரத்தையும் ஏன் தேடிப் போகிறான் என்பது ஒன்று. வரைந்து முடித்ததில் அந்தப் பொருளே அடையாளம் தெரியவில்லையே என்பது மற்றொன்று. எனக்கு இவ்விரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன. அது எப்படி என்று சொல்வதற்கு, ஒரு தகட்டின் கதையை எழுதுகிறேன்.

இங்கே மணல் மேட்டில் வளரும் இராவணன் மீசைப் புல்லை நீ பார்த்திருப்பாய். அதன் காய்ந்த கதிர்த்தலை ஒரு சாண் அகலமுள்ள முள்பந்தாகத் தண்டிலிருந்து ஒடிந்து, காற்றடிக்கும் திசையில் மணலின் மீது உருண்டுகொண்டே போகும். விதைகள் அத்தனையும் நடுவில், முள்ளின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பந்து உருள உருளத்தான் அவை ஊர் சேரும். அப்படி ஒன்று என் காலில் வந்து மோதியது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, மொட்டைமாடி அறையில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, மூன்று வாரம் மையால் வரைந்தேன். ஒன்பது தாள்கள் ஆயின. ஒன்றுகூடத் தேறவில்லை. ஒவ்வொரு முள்ளையும் கவனமாக வரைந்தால் பந்து முள்ளெலியாக மாறியது. முட்களைக் குறைத்தால் பூவாக மாறியது. எண்ணிக்கை சரியாக வந்தாலும், என் காலில் வந்து மோதிய அந்த ஓட்டம் ஒரு தாளிலும் வரவில்லை.

பிறகுதான் பாரிமுனையில் வாங்கிப் போட்டிருந்த அலுமினியத் தகட்டை எடுத்தேன். தின்னர் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்து, கரும்பச்சை எண்ணெய் வண்ணத்தை மெல்லிய படலமாகப் பூசினேன். அது முழுவதும் காய்வதற்கு முன், காம்பஸ் ஊசியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரு முள்ளுக்கு ஒரே ஒரு இழுப்பு என்று கீறிக்கொண்டே போனேன். கீறிய இடத்தில் வண்ணம் விலகி உலோகம் வெளிப்பட்டது. அன்று இரவு விளக்கின் முன்னால் தகட்டைச் சாய்த்து வைத்துவிட்டு, அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். நான் நடக்க நடக்க, ஒரு பக்கத்துக் கீறல்கள் அணைந்து அடுத்த பக்கத்துக் கீறல்கள் பற்றிக்கொண்டன. பந்து உருண்டது, நண்பா. காகிதத்தில் என்னால் கொண்டுவர முடியாமல் போனதைத் தகடு தானாகக் கொடுத்துவிட்டது. அதற்காக நான் இழந்தது, பார்க்கிறவர் பார்த்தவுடன் "இது இராவணன் மீசை" என்று பெயர் சொல்லும் வசதியை மட்டுமே.

உலோகத்தின் குணமே அதுதான். துணி வண்ணத்தைக் குடித்துவிடும். தகடு குடிக்காது, மேலேயே நிறுத்தி வைக்கும். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் செப்புத் தகட்டில் எண்ணெய் ஓவியம் வரைந்தவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். ஜெர்மானிய ஓவியர் எல்ஷைமர் 1609-இல் வரைந்த இரவுக்காட்சி அரை மீட்டர் அகலம்கூட இல்லாத ஒரு செப்புத் தகடுதான். அந்தச் சிறு பரப்புக்குள் அவர் விண்மீன்களையும் பால்வீதியையும் நிறுத்திக் காட்டினார். அவ்வளவு தொலைவு போவானேன்? நம் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியர்கள் கண்ணாடியின் பின்பக்கத்தில், நகையையும் கண்ணையும் முதலில் எழுதி, பின்புலத்தைக் கடைசியில் பூசினார்கள். பொருள் மறுக்கும்போது கை தன் வழக்கமான வரிசையை விட்டு வேறு வரிசை கற்றுக்கொள்கிறது. கல்லூரி நாட்களில் நாம் இருவரும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் பேருந்தில் போய், சிற்பி ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டிச் செய்திருந்த உருவங்களின் முன் நெடுநேரம் நின்றது நினைவிருக்கிறதா? தகட்டுக்கும் ஒரு தோல் உண்டு என்று நீ அன்று சொன்னாய். அந்தப் பேச்சு எனக்குள் இத்தனை காலம் கிடந்து இப்போதுதான் முளைத்திருக்கிறது.

எல்லாப் பொருளும் இப்படிக் கைகொடுப்பதில்லை. பழைய கல்யாண பிளெக்ஸ் பேனர்களின் பின்பக்கத்தில் கணவாய் மீனின் ஓட்டினை ஆறு ஓவியங்களாக அக்ரிலிக்கில் வரைந்திருந்தேன். வெள்ளையின் மேல் வெள்ளையாக, ஓட்டின் வளர்ச்சிக் கோடுகளை மட்டும் வைத்து வரைந்தவை. நானே விரும்பிய வரிசை அது. பிளெக்ஸை மிருதுவாக்கச் சேர்த்திருக்கும் எண்ணெய்கள் மெல்ல மெல்ல மேலே கசிந்து வண்ணத்தை இளக்கிவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. சுருட்டி வைத்துக் கோடை கழிந்து எடுத்தபோது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் ஒன்றின் ஓடு மற்றொன்றின் முதுகில் வந்தது. அன்று நான் சாப்பிடவில்லை. அதன் பிறகு பிளெக்ஸைத் தொடவும் இல்லை.

தகரம் வேறு விதம். வெறும் இரும்பின் மேல் நீர் கலந்த வண்ணத்தைப் பூசினால் ஓரிரு நாளில் துரு மேலே எட்டிப் பார்க்கும். முதலில் அதைக் குற்றமாக எண்ணித் தடுத்துக்கொண்டிருந்தேன். வாகை நெற்றை வரையும்போது, நெற்றின் விளிம்பில் வரவேண்டிய பழுப்பும் துருவின் பழுப்பும் ஒன்றே என்று கண்டு, அந்த இடத்தில் தூரிகையை விலக்கிக்கொண்டேன். நெற்றுக்குள் விதைகள் புடைத்திருக்கும் அல்லவா, அந்தப் புடைப்புகளைத் துருவே வரைந்தது. மேலே வார்னிஷ் பூசி நிறுத்தியிருக்கிறேன். ஆனாலும் இந்த உப்புக் காற்றில் அது நிற்காது, ஓவியம் மாறிக்கொண்டேதான் இருக்கும். நெற்றும் மரத்தில் அப்படியே நிற்பதில்லையே.

உன் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். பொருளைக் கைவிடுவதுதான் அரூபம், அதாவது உருவம் அடையாளம் தெரியாத ஓவியம், என்று நாம் மாணவர்களாக இருந்தபோது வாதாடினோம். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1917-இல் ஆர்ப் என்ற கலைஞர் சுவிட்சர்லாந்தின் அஸ்கோனாவில், ஏரி கரையொதுக்கிய ஒடிந்த கிளைகளையும் வேர்களையும் கற்களையும் மையும் தூரிகையுமாக வரைந்து வரைந்துதான் தன் நீள்வட்ட வடிவங்களுக்கு வந்து சேர்ந்தார். அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் நியூ மெக்சிகோவின் பாலையில் பொறுக்கிய இடுப்பெலும்பை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, 1943 முதல் சில ஆண்டுகள் அதன் துளை வழியே தெரிந்த நீலத்தையே வரைந்தார்; அந்த வரிசையில் சில படங்களில் எலும்பு வெறும் விளிம்பாகிவிடுகிறது, நீலமே ஓவியம் ஆகிவிடுகிறது. இவர்கள் பொருளைக் கைவிட்டவர்கள் அல்லர். பொருளோடு மிக நீண்ட நேரம் இருந்தவர்கள். அதனால் அதன் பெயர் உதிர்ந்து வடிவம் மட்டும் மிஞ்சியது.

இயற்கைப் பொருளுக்கு எதிர்ப்பக்கத்தில் செயற்கைப் பொருளை நிறுத்துகிறேன் என்று நீ எண்ணுகிறாய். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் அலுமினியம் என்பது என்ன? நம் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டியெடுத்த பாக்சைட் மண்ணும் தகடாகத்தானே போயிற்று. துருவோ, இரும்பு தன் பழைய மண்ணுக்குத் திரும்பும் வழி. ஆகவே நான் மலையின் ஒரு துண்டின் மேல் மணலின் ஒரு துண்டை வைக்கிறேன் என்றே இப்போது நினைக்கிறேன். இதில் நீ உடன்படாவிட்டால் எழுது. உன் மறுப்பு எனக்கு வேண்டும்.

ஓர் உதவியும் வேண்டும். உன் தோட்டத்து இலவ மரத்தில் பங்குனியில் காய் வெடிக்கத் தொடங்கும்போது, பஞ்சு முழுதும் பறந்துபோன வெற்று ஓடுகளில் நாலைந்தை, உடையாதபடி வைக்கோல் வைத்து அனுப்பி வை. அதன் உட்புறத்தின் வழவழப்பைத் தகட்டில் பிடிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். இராவணன் மீசைத் தகட்டை நான் சித்திரையில் வரும்போது கையோடு கொண்டுவருகிறேன். கரும்பச்சையின் அடியில் கொஞ்சம் நீலம் பூசியிருக்கிறேன். என் கண்ணுக்கு அது மங்கலாகத்தான் தெரிகிறது, உன் புதுக் கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். வெயிலில் போகும்போது கறுப்புக் கண்ணாடி போட மறக்காதே. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்